கைப்பின்னல் மேஸ்: வன்னியில் பின்னுபவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் வீடு. இவர், இரண்டு பிள்ளைகள், மாமி, கொஞ்ச வயல், கோழிகள். இவற்றுக்கு நடுவே மேஸ், அதாவது காலுறை, பின்னுவது என் பொழுதுபோக்கு. பஸ்ஸிலும் கிளினிக் வாங்கிலும் ரியூசன் வாசலிலும் ஊசியை எடுத்தவுடன் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளையும், பழக விரும்பும் தங்கைமார் கேட்பவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இந்த வெயிலுக்குள் யாருக்கு அக்கா மேஸ்?

முதலில் மாமிக்கு. மார்கழியில், திருவெம்பாவைக்குச் சங்கு ஊதும் நேரத்தில் எழுந்து சீமெந்துத் தரையில் கால் வைத்துப் பாருங்கள். இளசுகளுக்கு அது ஒன்றுமில்லை. வயது போனவர்களுக்குக் குளிர் காலிலிருந்துதான் ஏறும். ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் இரவில் மேஸ் போட்டுப் படுக்கிறவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். பிறகு ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் சுவிஸிலும் இருக்கிற சொந்தங்கள். அங்கே மேஸ் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது.

வெயில் நாட்டுக்கும் மேசுக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஊசிகளால் கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்ட மேஸ்களில் இன்று உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழையவை எகிப்தில் கிடைத்தவை. ஏறக்குறைய 11 ஆம் நூற்றாண்டுக்குப் பிந்திய காலத்தவை. பருத்தி நூலில், அவுரி நீலமும் வெள்ளையுமாகக் கோலம் போட்டுப் பின்னியிருக்கிறார்கள். எகிப்தின் வெயில் நம் வெயிலுக்குக் குறைந்ததல்ல.

ஒரு சோடி விற்றால் எவ்வளவு வரும்?

கேட்காத ஆள் இல்லை. ஏன் கேட்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். 2009 க்குப் பிறகு இங்கே பெண்ணின் கைவேலை என்றால் அது வாழ்வாதாரம் என்றுதான் பெயர் பெற்றது. தையல் மெசின் கொடுத்தார்கள், கோழி கொடுத்தார்கள், ஆடு கொடுத்தார்கள், பயிற்சி வைத்தார்கள். தேவைப்பட்ட உதவிதான், நானும் நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பழக்கத்தில், ஒரு பெண் கையில் நூலோடு இருந்தால் அது காசாகத்தான் வேண்டும் என்று நாங்களே நம்பத் தொடங்கிவிட்டோம்.

கணக்கைச் சொல்கிறேன். பெரியவருக்கான ஒரு சோடியை முடிக்க, கை பழகியவருக்கே 15 முதல் 20 மணித்தியாலம் போகும். நகரத்தில் நடைபாதைக் கடையில் மூன்று சோடியைக் கட்டாகவே விற்கிறார்கள். 1589 இல் வில்லியம் லீ என்ற இங்கிலாந்துக்காரர் மேஸ் பின்னும் பொறியைக் கண்டுபிடித்தார். அன்று தொடக்கம் வேகத்தில் கை தோற்றுக்கொண்டுதான் இருக்கிறது. விற்பதற்காகப் பழக வருகிறவருக்கு நான் தையலைப் பழகச் சொல்வேன். தையலில் வருமானம் உண்டு.

நான் பின்னுவது பிடித்திருப்பதால். இந்தக் காலுக்கு இந்தக் குதி என்று அளந்து செய்கிற வேலை பிடித்திருப்பதால். பொழுதுபோக்கு என்பது வசதியானவர்களுக்கு மட்டும் உரியதல்ல. வன்னியில் இருக்கிற ஒரு அம்மாவுக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாத ஒரு மணித்தியாலம் வேண்டும், அதை வெட்கப்படாமல் எடுக்க வேண்டும்.

தொடங்குவதற்கு என்னென்ன சாமான் வேண்டும்?

இரண்டு பக்கமும் கூரான ஊசிகள் ஐந்து, நூல், அளவு நாடா, ஒரு மொட்டை ஊசி. மேசுக்கு ஊசி 2.25 அல்லது 2.5 மில்லிமீற்றர் தடிப்பில் இருந்தால் நல்லது. ஊரில் கிடைக்காவிட்டால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிடலாம். ஐந்து ஊசியும் சேர்ந்தும் பெரிய பாரம் வராது.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பழைய சைக்கிள் கம்பி ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்பு. திருத்துகிற கடையில் கழித்த கம்பிகளில் வளையாதவற்றைக் கேட்டு வாங்கி, தலையையும் மரையையும் வெட்டி எறிந்துவிட்டு நடுவே வெட்டினால், ஒரு கம்பியில் இரண்டு ஊசி. நுனியை அரத்தால் கூராக்கி, பிறகு சீமெந்துத் தரையில் உருட்டி உருட்டித் தேயுங்கள். கடைசியில் ஒரு பழைய பருத்தித் துணியில் நுனியை இழுத்துப் பாருங்கள். துணியில் இழை சிக்கினால் இன்னும் தேய்க்க வேண்டும். துருப்பிடித்த கம்பி வேண்டாம், நூலில் கறை ஏறும்.

கடையில் லேபல் இல்லாமல் உருண்டையாக விற்கும் நூல் கம்பளியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சின்னத் துண்டை வெட்டி, இடுக்கியால் பிடித்து, முற்றத்தில் வைத்து நெருப்புக் காட்டுங்கள். கம்பளி தலைமயிர் கருகும் மணத்தோடு மெதுவாக எரிந்து, நெருப்பை எடுத்தவுடன் அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். பருத்தி கடதாசி போல மளமளவென்று எரியும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுத்த கட்டியாக இறுகும்.

எங்கள் பக்கம் தையல் சாமான் கடைகளில் கம்பளி என்று தருவது பெரும்பாலும் அக்ரிலிக்தான். பழகுவதற்கு அது போதும், விலையும் குறைவு. ஆனால் வியர்வையை இழுக்காது. விறகடுப்புக்குக் கிட்ட இருப்பவருக்கு அதில் பின்னிக் கொடுக்காதீர்கள். பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டும்.

மேசுக்கென்றே வரும் நூல் 75 வீதம் கம்பளி, 25 வீதம் நைலோன். 100 கிராம் உருண்டையில் 400 மீற்றர் அளவில் இருக்கும், பெரியவர் ஒருவரின் சோடிக்கு அது போதும். ஜேர்மனியிலும் நோர்வேயிலும் இது சாதாரணமாகக் கிடைக்கிறது. சொந்தங்கள் "என்ன கொண்டு வர?" என்று கேட்டால் சொக்கிளேற்றுக்குப் பதிலாக இதைச் சொல்லுங்கள்.

பருத்தியிலும் பின்னலாம், பகலில் போட அதுதான் சுகம். ஒன்று மட்டும்: பருத்தி இழுபட்டால் திரும்பிச் சுருங்காது. அதனால் மேல்வாயை மட்டும் வரிப்பின்னலாக (இரண்டு நேர் இரண்டு மறு என்று மாறி மாறி வரும், இழுபடும் பின்னல்) போடாமல், கணுக்கால் வரைக்கும் வரிப்பின்னலாகவே கொண்டுபோனால் வழுகி விழாது.

எத்தனை கண்ணி ஏற்றுவது?

முதலில் ஒரு சதுரத் துண்டு பின்னி, 10 சென்ரிமீற்றருக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணுங்கள். மெல்லிய மேஸ் நூலில் 30 அளவில் வரும். பிறகு பாதத்தின் அகன்ற இடத்தைச் சுற்றி அளந்து, பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். மேஸ் காலில் கொஞ்சம் இழுபட்டு நின்றால்தான் பொருந்தும். பாதம் சுற்றளவு 23 சென்ரிமீற்றர் என்றால் கழித்து 21 அளவு, அதற்கு 63 கண்ணி. நாலால் பிரிபட வேண்டும் என்பதால் 64 ஆக்குகிறோம். பெரும்பாலான பெரியவர்களுக்கு 60, 64, 72 இந்த மூன்றில் ஒன்று சரிவரும். சைக்கிள் கம்பியில் பின்னினால் கண்ணி சின்னதாக வரும், அப்போது சதுரத் துண்டு சொல்கிறபடி கூட்டிப் போடுங்கள்.

எனக்கு நேர்ப்பின்னலும் மறுபின்னலும் மட்டும்தான் தெரியும். போதுமா?

போதும். நூலைப் பின்னால் வைத்துப் பின்னுவது நேர், முன்னால் கொண்டுவந்து பின்னுவது மறு. வேறு புதிதாக ஒன்றும் இல்லை. 64 கண்ணியை நாலு ஊசிக்குப் பதினாறு பதினாறாகப் பிரித்து, ஐந்தாவதால் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டு போக வேண்டும். சுற்றை மூடும்போது கண்ணிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள், முறுகினால் கடைசி வரைக்கும் முறுகித்தான் இருக்கும். இரண்டு நேர் இரண்டு மறு என்று ஏழெட்டு சென்ரிமீற்றர், பிறகு முழுக்க நேர். அவ்வளவுதான் கால்.

குதிக்கால்தான் பயமாக இருக்கிறது.

எல்லாருக்கும் அப்படித்தான். ஆனால் மேஸ் பின்னுவதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

64 இல் பாதியை, அதாவது 32 கண்ணியை, ஒரே ஊசிக்கு எடுங்கள். மற்றப் பாதி சும்மா இருக்கட்டும். இந்த 32 ஐ மட்டும் போய்வந்து 32 வரி பின்னுங்கள். ஒவ்வொரு வரியிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் அப்படியே அடுத்த ஊசிக்கு மாற்றுங்கள். முடியும்போது ஒரு சதுர மடல் தொங்கும், அதன் இரண்டு ஓரத்திலும் சங்கிலி மாதிரிப் பதினாறு பதினாறு கண்ணி தெரியும்.

இனித்தான் திருப்பம். நேர்ப்பக்கத்தில் 18 பின்னி, அடுத்த இரண்டை ஒன்றாகச் சேர்த்து, இன்னும் ஒன்று பின்னி, வரி முடியாமலே திருப்புங்கள். மறுபக்கத்தில் முதலாவதை மாற்றி, 5 மறுபின்னல், இரண்டைச் சேர்த்து, இன்னும் ஒன்று, திருப்புங்கள். அடுத்த வரியில் நடுவில் 6, அதற்கடுத்ததில் 7 என்று கூடிக்கொண்டே போகும். எண்ணிக்கை தவறினாலும் பரவாயில்லை: திருப்பிய இடத்தில் ஒரு சின்ன இடைவெளி தெரியும், அந்த இடைவெளிக்கு இந்தப் பக்கம் ஒன்றையும் அந்தப் பக்கம் ஒன்றையும் சேர்த்தால் சரி. கடைசி இரண்டு வரியிலும் சேர்த்த பிறகு பின்னக் கண்ணி மிஞ்சாது. 32 இருந்தது 18 ஆகியிருக்கும். தட்டையாக இருந்த துண்டு உங்கள் கண்முன்னே சிரட்டை போலக் குழிந்து நிற்கும். பசை இல்லை, தையல் இல்லை, வெட்டு இல்லை. எத்தனை சோடி பின்னினாலும் அந்த இடம் வரும்போது எனக்குச் சந்தோஷம்தான்.

பிறகு மடலின் இரண்டு ஓரத்துச் சங்கிலியிலிருந்தும் பதினாறு பதினாறு கண்ணி எடுங்கள். 18 உம் 32 உம், சும்மா இருந்த 32 உம் சேர 82. மூலை இரண்டிலும் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று ஒவ்வொன்றாகக் குறைத்தால் ஒன்பது தடவையில் திரும்ப 64. சுண்டுவிரல் நுனி மறைகிற அளவுக்குப் பின்னி, இரண்டு விலாவிலும் குறைத்துக்கொண்டு போய் 16 ஆனதும் மொட்டை ஊசியால் எட்டையும் எட்டையும் கண்ணிக்குக் கண்ணி கோர்த்து மூடுங்கள். முடிச்சுப் போட்டு மூடினால் சப்பாத்துக்குள் விரலை உறுத்தும்.

வீட்டு வேலைக்குள் நேரம் எங்கே கிடைக்கிறது?

நேரத்தைத் தேடிப் போவதில்லை, வேலையைப் பிரித்து வைத்திருக்கிறேன். காலும் பாதமும் கண் தேவையில்லாத பகுதிகள். பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும், மகளின் ரியூசன் முடியும் வரைக்கும், மாமியோடு கிளினிக்கில் நம்பர் கூப்பிடும் வரைக்கும் அதைப் பின்னலாம். குதியும் விரல்நுனியும் எண்ண வேண்டிய பகுதிகள். அவை வீடு படுத்த பிறகு.

2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்சாரம் போன காலத்தில், இருட்டில் விரலால் தடவியே பாதம் முழுவதையும் பின்னப் பழகினேன். அது இன்றைக்கும் உதவுகிறது.

சுற்றுகளை எண்ண இரண்டு சின்ன ரின்னும் கொஞ்சம் புளியங்கொட்டையும் வைத்திருக்கிறேன். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டையை மற்ற ரின்னுக்குள் போடுவது. யாராவது "அம்மா!" என்று கூப்பிட்டு எழும்பிப் போனாலும் கணக்குத் தவறாது. அந்த வேலையைச் சின்னவன் தானே பொறுப்பெடுத்துக்கொண்டான். பக்கத்தில் குந்தியிருந்து, நான் சுற்றை முடிக்க முன்னமே கொட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பான்.

அறுவடை நாட்களில் ஊசியைத் தொடுவதில்லை. நெல்லும் காயவைக்கும் படங்கும் வானமும்தான் கண்ணுக்குள் இருக்கும். மேஸ் காத்திருக்கும், நெல் காத்திருக்காது.

பிள்ளை ஊசியை உருவிவிட்டால்?

பதறி இழுக்காதீர்கள். நூலை இழுத்தால்தான் அவிழும், சும்மா விட்டால் கண்ணி நின்ற இடத்தில் நிற்கும். மெல்லிய ஊசி ஒன்றால் ஒவ்வொன்றாகக் கோர்த்து எடுங்கள். ஒன்று கீழே ஓடிப்போயிருந்தால் ஊக்கால் குத்தி நிறுத்திவிட்டு, பிறகு ஆறுதலாக ஏணிப்படி ஏற்றுவதுபோல ஒவ்வொரு வரியாக மேலே கொண்டு வரலாம். வேலை நடுவே விட்டுப்போவதென்றால் ஊசி நுனிகளில் றப்பர் வளையம் சுற்றிவிட்டுப் போங்கள்.

கனடாவில் இருக்கிற ஆளின் காலை எப்படி அளப்பது?

வெள்ளைத் தாளில் வெறுங்காலை வைத்து, பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றிக் கீறச் சொல்லுங்கள். பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வைத்து நேர் மேலே இருந்து படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பட்டும். அகன்ற இடத்துச் சுற்றளவைத் தனியாகக் கேளுங்கள். சப்பாத்து இலக்கத்தை நம்ப வேண்டாம், நாட்டுக்கு நாடு வேறு.

சித்தி ஒருவர் தன் காலைக் கீறி, அதே தாளில் பேத்தியின் காலையும் உள்ளே கீறி அனுப்பியிருந்தார். அந்தப் பேத்தியை நாங்கள் இன்னும் நேரில் கண்டதில்லை. அவளின் பாதத்தின் நீளம் எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை மேஸ் பின்னித் தருவீர்களா?

மாட்டேன், கடையில் வாங்குங்கள். தினமும் செம்மண்ணில் ஊறி, தினமும் உரஞ்சித் தோய்க்க வேண்டியதைக் கையால் பின்னுவது வீண்.

அப்பாவுக்கு நீரிழிவு. பின்னிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கவனத்தோடு. மேல்வாய் இறுகக் கூடாது: கழற்றிய பிறகு தோலில் பள்ளம் பதிந்திருந்தால் அது அவருக்கு ஆகாது. உள்ளே முடிச்சு, தடித்த மூட்டு எதுவும் இருக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த காலுக்கு உறுத்துவது தெரியாது, புண்ணானபிறகுதான் தெரியவரும். வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில் பின்னுங்கள், கீறலிலிருந்து இரத்தமோ நீரோ வந்தால் உடனே தெரியும். ஏற்கனவே புண் இருந்தால் கிளினிக்கில் கேட்காமல் எதையும் போடவேண்டாம்.

ஒரு காலை இழந்தவருக்கு?

எங்கள் ஊர்களில் இது அபூர்வமான கேள்வி அல்ல. இருக்கிற காலுக்கு மேஸ் பின்னுங்கள். செயற்கைக் காலின் பாதத்துக்கும் மற்றதைப் பின்னுங்கள். சப்பாத்துக்குள் இலேசாக நுழையும், பார்க்கவும் சோடியாக இருக்கும். அவர் ஒன்று போதும் என்றால் ஒன்று மட்டும். அதை அவரிடமே கேளுங்கள், நாங்களாகத் தீர்மானிக்கக் கூடாது.

ஆனால் செயற்கைக் காலின் கிண்ணத்துக்குள், மிச்சக் காலில் போடும் உறையைக் கையால் பின்னாதீர்கள். அதன் தடிப்பில்தான் கால் பொருந்துவதும் பொருந்தாததும் இருக்கிறது. ஒரு கண்ணி தடித்தாலும் நடக்க நடக்கத் தோல் உரியும். கால் செய்து தந்த நிலையத்தில் கொடுப்பதைத்தான் போட வேண்டும். இரவில் காலைக் கழற்றி வைத்த பிறகு குளிருக்குப் போட, மெதுவான பருத்தியில் தொப்பி போல ஒன்று பின்னிக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்ததைப் போட்டுப் பார்த்தவர்கள் திரும்பக் கேட்டிருக்கிறார்கள்.

பிறந்த பிள்ளைக்கு?

36 அல்லது 40 கண்ணி போதும், ஒரு பின்னேரத்தில் ஒரு கால் முடியும். பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்குக் கொண்டுபோக நல்ல பொருள். இரண்டு நிறத்தில் கோலம் போட்டுப் பின்ன வேண்டாம்: உள்ளே ஓடும் நூலில் பிள்ளையின் விரல் சுற்றுப்பட்டு இரத்தோட்டம் தடைப்படலாம். போட முதல் ஒவ்வொரு தடவையும் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்.

ஆம்பிளைகள் பின்னலாமா?

தாராளமாக. 16, 17 ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் பின்னல் சங்கங்களில் இருந்தவர்கள் ஆண்கள்தான். முல்லைத்தீவுக் கரையில் போய் வலை பொத்துகிறவர்களின் விரல்களைப் பாருங்கள், பிறகு இந்தக் கேள்வி வராது.

ஒன்றை முடித்த பிறகு மற்றதைத் தொடங்க மனம் வருவதில்லை.

முதலாவதை மூடிய அன்றைக்கே, படுக்கப் போக முன்னம், இரண்டாவதுக்குக் கண்ணி ஏற்றி வரிப்பின்னலில் நாலு சுற்றுப் போட்டு வையுங்கள். தொடங்கியது கையில் ஏறும். முதலாவதில் குதிவரைக்கும் எத்தனை சுற்று, பாதத்துக்கு எத்தனை சுற்று என்று எழுதி வைத்தால் இரண்டும் ஒரே அளவாக வரும்.

எப்படித் தோய்ப்பது, எங்கே வைப்பது?

கம்பளியைச் சுடுநீரில் போட்டு உரஞ்சினால் சுருங்கித் தடிக்கும். குளிர்ந்த நீரில் கொஞ்சச் சவர்க்காரத்தோடு அமத்தி எடுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். துவாய்க்குள் சுருட்டி அமத்தி, நிழலில் பாயில் பரப்பி விடுங்கள். கிணற்று நீர் கடினமாக இருக்கும் இடங்களில் சவர்க்காரம் நூலில் படிந்து சொரசொரக்கும், கடைசி அலசலுக்கு மழைநீர் பிடித்து வைத்தால் நல்லது. பூச்சி கம்பளியைத்தான் தேடி வரும். நன்றாகக் காய்ந்தபிறகு, காய்ந்த வேப்பிலையோடு மூடியுள்ள ரின்னில் வையுங்கள். மாரியில் மாதம் ஒருமுறை திறந்து வெயில் கண்ட நாளில் உதறி எடுங்கள்.

குதி ஓட்டையானால் எறிவதா?

இல்லை, பொத்தலாம். ஓட்டைக்குள் தேசிக்காய் அளவான உருண்டை எதையாவது வைத்து இழுத்துப் பிடியுங்கள். நல்ல பின்னல் இருக்கும் இடத்திலிருந்தே தொடங்கி, அதே நூலை நெடுக்காக ஓடவிட்டு, பிறகு குறுக்காக ஒன்றுக்கு மேல் ஒன்றுக்குக் கீழ் என்று நெய்யுங்கள். இழுத்து இறுக்க வேண்டாம், முடிச்சும் வேண்டாம். விரல்நுனி போயிருந்தால் இன்னும் சுலபம்: ஓட்டைக்கு மேலே நல்ல சுற்று ஒன்றில் 64 கண்ணியையும் ஊசியில் எடுத்து, அதற்குக் கீழே வெட்டி அவிழ்த்துவிட்டு, நுனியைப் புதிதாகப் பின்னுங்கள். இதற்காகத்தான் ஒவ்வொரு சோடியிலும் மிஞ்சும் நூலில் கொஞ்சத்தை ஒரு மட்டையில் சுற்றி, யாருடைய மேஸ் என்று எழுதி வைக்கச் சொல்கிறேன்.